படம் ஓடக்குள்ள பின்னால இரிக்கிற சுவரப் பாக்குற ஆக்கள் ஆரும் இரிக்கீங்களா?

கல்லடிக்காத்து:

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா வரும், குறை நினைக்காதீங்க.

எனக்குச் சின்ன வயசுலருந்தே ஒரு பழக்கம். படம் பாக்கக்குள்ள நடிக்கிற ஆள்ர மூஞ்சியவிட பின்னால இரிக்கிற அலுமாரி, கலண்டர், பெயின்ட் உரிஞ்ச இடம், இதுகளத்தான் என்ட கண்ணு தேடும். அம்மா பேசுவா, கதையப் பாருபுள்ள எண்டா நீ கதவப் பாக்குற எண்டு. மறுகாத்தான் தெரிஞ்சிச்சு இதுக்கெண்டே ஒரு வேலை இரிக்கு, ப்ரொடக்ஷன் டிசைன் எண்டு அதுக்குப் பேரு, அதச் செய்ற ஆக்களுக்கு ஒஸ்காரே குடுக்காங்க எண்டு.

இப்ப விசயத்துக்கு வாறன். நாங்க அஞ்சு பேர் சேந்து ஒரு குறும்படம் எடுக்குறம். 1990ல, சண்டை நேரம், மட்டக்களப்புப் புளியந்தீவுல ஒரு வீடு, ஒரு ராத்திரி, அவ்வளவுதான் கதை. ஆர்ட் வேலை எனக்கு. கையில தந்த காசு 18,000 ரூபா. கரண்ட் இல்லாத ராத்திரி எண்டதால விளக்குத்தான் முக்கியம் எண்டு நினைச்சு பித்தளையில ஒரு அரிக்கன் லாம்பு தேடிப் புடிச்சு 4,500 குடுத்து வாங்கினன். மினுக்கி மேசைல வச்சு, பக்கத்துல ஒரு பழைய றேடியோ, சுவர்ல சாமிப்படம், எல்லாம் சோக்கா இரிந்திச்சு. சரி எண்டு அம்மம்மாவக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன்.

அவ வாசல்லயே நிண்டு பாத்துட்டு 'இது ஆருட வீடு புள்ள, ஹொட்டலா?' எண்டு கேட்டா.

மறுகா உள்ள வந்து ஒவ்வொண்டாச் சொன்னா. அந்த நேரம் மண்ணெண்ணெய் கிடைக்கிறதே பெரிய பாடாம், அரிக்கன் லாம்பு எரிக்கிற அளவுக்கு எண்ணெய் ஆருட்டயும் இல்லயாம், குப்பி விளக்குத்தானாம். அதயும் மேசைல வைக்க மாட்டாங்களாம். வெளிச்சம் வெளிய தெரியக்கூடா எண்டு கதவுக்குப் பின்னால நிலத்துலதான் வைப்பாங்களாம். அப்ப கரி எங்க புடிக்கும், முழங்கால் உயரத்துலருந்து மேல போகும். 'உன்ட சுவர்ல கரியே இல்லயே, இஞ்ச ஒருத்தரும் இருக்கல்ல' எண்டுட்டு வெளிய போய்ட்டா.

அண்டைக்கு ராத்திரி நித்திரையே வரல்ல எனக்கு. கரி எண்டது என்ட மண்டைக்குள்ள வரவே இல்லயே எண்டு.

அதான் கேக்குறன், வீடு, தெரு, ஒபிஸ் எல்லாம் உண்மையா ஆக்கள் இருந்து பழகின மாதிரி உங்களுக்குத் தெரிஞ்ச படம், சீரிஸ் என்னென்ன? ஏன் புடிக்கும் எண்டும் சொல்லுங்க, பேரு மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க. என்ட பக்கம் ரெண்டு சொல்றன். ஒண்டு நாயகன். அந்தத் தாராவி பம்பாய் இல்ல, மெட்ராஸ்ல வீனஸ் ஸ்டூடியோக்குள்ள தோட்டா தரணி போட்ட செட், அதுக்குத் தேசிய விருதும் கிடைச்சிச்சு. இது தெரியாம எத்தினை தரம் பாத்திரிப்பன். மற்றது பாரசைட் எண்ட கொரியப் படம். அந்தப் பணக்கார வீடும் செட், கீழ அந்த ஏழை ஆக்கள்ர தெருவும் செட், அதத் தண்ணித் தொட்டிக்குள்ளயே கட்டியிரிக்காங்க, வெள்ளம் வாற சீனுக்கு நிரப்புறதுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு நம்மட பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி வாற சீன் எண்டா நான் பாக்குறதே இல்ல, இது ஒண்டத்தான் கடைசி மட்டும் பாத்தன்.

---

தச்சன்மகன்:

ஆரையம்பதி, இப்ப கட்டார்ல. தங்கச்சி உங்கட அம்மம்மாவ எனக்குச் சரியாப் புடிச்சிட்டு.

நீங்க தேடுறதுக்கு மறுமொழி நம்மட ஊராள்ட்டயே இரிக்கு. பாலு மகேந்திரா. அமிர்தகழியில பொறந்த மனிசன், மாமாங்கக் கோயிலடி. அவர்ர வீடு படம், 1988ல வந்தது. கனபேர் அத ஸ்லோ படம், பாட்டு இல்லாத படம் எண்டு விட்டுட்டாங்க. ஆனா ஆர்ட் வேலை பழகுற ஆள் எண்டா முதல் பாக்க வேண்டியது அதத்தான். அந்தப் படத்துல செட் எண்டு சொல்ல என்ன இரிக்கு? ஒரு அரகுற வீடு. அவ்வளவுதான். அதயும் படத்துக்காக உண்மையாவே சாலிகிராமத்துல கட்டினாங்க, பிற்காலத்துல அவர்ர சினிமாப் பட்டறை எண்ட, படம் எடுக்கப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் அதுலதான் நடந்திச்சு. அவர்ர அம்மா வீடு கட்டக்குள்ள பட்ட பாட்டப் பாத்த ஞாபகத்துலதான் இந்தக் கதை வந்தது எண்டு அவரே சொல்லியிரிக்காரு.

நான் தச்சுவேலைக்காரன்ட மகன், எங்கட வாப்பு எத்தினை வீட்டுக்கு நிலை வச்சிரிப்பாரு, நானும் கூடப் போவன். அரகுற வீட்டுக்கெண்டு ஒரு மணம் இரிக்கு, ஈரச் சீமந்தும் பலகையும் கலந்து. அந்தப் படத்துல ஒரு கிழவன் வருவாரு, சொக்கலிங்க பாகவதர், அந்த அரகுற வீட்டப் பாக்கத் தனியா வருவாரு. வந்து ஒண்டும் கதைக்க மாட்டாரு. குடையோட மெல்ல மெல்ல நடந்து சுவரத் தொட்டுத் தொட்டுப் பாப்பாரு. அந்த சீன்ல சுவர் பூசியிருந்தா, ஒரு ஜன்னல் வச்சிருந்தா, எல்லாம் கெட்டிரிக்கும். முடியாத வீடு எண்டதே அங்க அலங்காரம். எனக்கு அதப் பாக்குற நேரமெல்லாம் வாப்புட கைதான் ஞாபகம் வரும், அவரும் நிலை வச்சு முடிச்சா உள்ளங்கையால ஒருக்காத் தடவிட்டுத்தான் கீழ இறங்குவாரு.

இன்னொண்டு. பாலு மகேந்திரா பொடியனா இருக்கக்குள்ள பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்துல பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய் ஷூட்டிங்கக் கண்டாராம், கித்துள்கலையில எடுத்த படம் அது. அந்தப் படத்து டைரக்டர் டேவிட் லீன் மழை எண்டு கத்த மழை பெஞ்சிச்சாம், அப்பவே டைரக்டர் ஆகணும் எண்டு முடிவெடுத்தாராம். அந்தப் பாலமும் உண்மையான பாலம்தான், மரத்தால கட்டி உண்மையான ரயிலோட வெடிக்க வச்சது. ஒருத்தன் காட்டுக்குள்ள பாலத்தக் கட்டி ஒடைச்சான், அதப் பாத்த நம்மட பொடியன் பிற்காலத்துல ஒரு சின்ன வீட்டக் கட்டி அதுலயே ஒரு படத்த எடுத்துட்டாரு.

குப்பி விளக்கு வேணுமெண்டா சொல்லுங்க, எங்கட வீட்டுப் பரண்ல கிடக்கும், தம்பிட்டச் சொல்றன்.

---

மருதமுனைக்காக்கா:

தங்கச்சி நான் படத்தவிட சீரிஸ்தான் கூடப் பாக்குறது, ராவைக்குக் கடையப் பூட்டிட்டு வந்தா ரெண்டு எபிசோட் பாக்காம எனக்கு நித்திர வராது, பொஞ்சாதி ஏசுறது வேற கதை.

மேட் மென் பாத்திரிக்கீங்களா? 2007லருந்து 2015 மட்டும் போனது, 60கள்ல அமெரிக்காவுல விளம்பரக் கம்பெனி ஒண்டுட கதை. டான் பிஷப் எண்டவருதான் டிசைனர். அதுல ஒரு கதை செல்லுவாங்க. ஒரு சீனுக்குக் கோப்பையில பழம் வச்சிரிக்காங்க, அதப் பாத்துட்டு எழுதின மத்தியூ வைனர் இது ஏலா, அந்தக் காலத்துல பழம் இவ்வளவு பெரிசா, இவ்வளவு மினுக்கமா இருக்கல்ல, சின்னப் பழமாக் கொண்டு வாங்க எண்டு திருப்பி அனுப்பிட்டாராம். பழத்த ஆரு மனே பாக்கப் போறாங்க? ஆனா பாருங்க நானும் பாக்கல்ல, ஆனாலும் எனக்கு அது 60கள் எண்டு தெரிஞ்சிச்சு. அதுதான் இந்த வேலைட சூட்சுமம் எண்டு நினைக்கன். பாக்குறவன் கண்டு புடிக்கமாட்டான், பிழையா இருந்தா மட்டும் என்னமோ உறுத்தும்.

மற்றது செர்னோபில், அந்த அணு உலை வெடிச்ச கதை. 2019ல வந்த அஞ்சு எபிசோட். அத உக்ரைன்ல இல்ல, கூடுதலா லிதுவேனியாவுலதான் எடுத்தாங்க. அங்க இக்னலினா எண்டு மூடின அணு உலை ஒண்டு இரிக்கு, செர்னோபில்ட அதே வகை. அணு உலைக்குப் பக்கத்துல இருந்த ப்ரிப்யட் நகரத்துக்கு வில்னியஸ்ல ஒரு பழைய சோவியத் காலத்துக் குடியிருப்ப எடுத்தாங்க. லூக் ஹல் எண்டவரு டிசைன், எம்மி கிடைச்சிச்சு. அந்த மங்கல் பச்சைச் சுவர், ஆஸ்பத்திரிட ஓடு, டெலிபோன் எல்லாம் பாத்தா அழகா இரிக்கு எண்டு செல்லவே ஏலா, ஆனா கண்ண எடுக்கவும் ஏலா.

நம்மட ஊர எடுத்தா நான் என்ன கேப்பன் எண்டு செல்லட்டா? தறி. எங்கட மூத்தவாப்பா காலத்துலருந்து ஊட்டுக்குள்ள குழித்தறி. சினிமாக்காரன் வந்தா தறிய வைப்பான், நூலையும் கலர் கலராப் போடுவான், வடிவாத்தான் இரிக்கும். ஆனா மிதிகட்ட இரிக்கே, குழிக்குள்ள கால் வைக்கிற இடம், அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித் தேயாது. மூத்தவாப்பாட தறியில வலது பக்கத்து மிதி கிட்டத்தட்ட ஒரு விரல் ஆழத்துக்குக் குழிஞ்சி பளபள எண்டு இரிந்திச்சு, அவருக்கு இடது முழங்கால்ல வருத்தம். புதுசாச் செஞ்ச தறியில அத எப்பிடிக் கொண்டாருவ? அவர் மவுத்தாகிக் கன வருசம், தறியயும் கழட்டி வித்துட்டம். அந்த மிதிய மட்டும் உம்மா குடுக்க மாட்டன் எண்டு வச்சிரிக்கா.

---

சும்மாஒருத்தன்:

இவ்வளவும் பாத்துக் கடைசியா என்ன? கதை நல்லா இருந்தா நாடகம் மாதிரி ரெண்டு கதிரையப் போட்டு எடுத்தாலும் சனம் பாக்கும். கதை இல்லாட்டி 100 கோடிக்கு செட் போட்டும் நித்திரதான் வரும். நான் பாகுபலி தியேட்டர்ல ரெண்டு தரம் பாத்தவன், செட்டுக்காகப் பாத்தன் எண்டு நினைக்கீங்களா?

---

களுதாவளைப்பொடியன்:

ஓம் அண்ணன் செட்டுக்காகத்தான் பாத்தீங்க, உங்களுக்குத் தெரியல்ல அவ்வளவுதான் 😂 அந்த மகிழ்மதிய எடுத்துட்டு ரெண்டு கதிரையப் போட்டு விட்டிருந்தா ரெண்டாவது தரம் போயிரிப்பீங்களா? சாபு சிரில் ராமோஜி பிலிம் சிட்டியில அடிச்ச வேலை அது.

என்ட ஓட்டு மஞ்ஞும்மல் பாய்ஸ்க்கு. அந்தக் குகைக்குள்ள விழுற சீன் எல்லாம் கொடைக்கானல்லயே போய் எடுத்தாங்க எண்டுதான் நான் நம்பிக்கொண்டிருந்தன், மறுகாப் பாத்தா பெரும்பாவூர்ல ஒரு கோடவுனுக்குள்ள போட்ட செட்டாம். அஜயன் சாலிசேரி எண்டவர்ர வேலை. பாறையில அந்த ஈரம், பாசி, சேறு, எனக்கு மூச்சு முட்டிச்சு கா. கூடப் பாத்த மச்சான் பாதியில எழும்பி வெளிய போய்ட்டான்.

கும்பளங்கி நைட்ஸ் ஒருத்தரும் சொல்லல்லயே? பூசாத சுவரும் வாவியும் வள்ளமும், நம்மட பக்கம் எடுத்தது எண்டு பொய் சொன்னாலும் நம்பலாம். நாலு ஆம்பிளைங்க மட்டும் இரிக்கிற வீடு எண்டு ஒருத்தரும் சொல்லாமலே தெரியும், அந்த வீடு கிடக்கிற கிடையப் பாத்தாலே காணும். அதுக்கு ஜோதிஷ் சங்கருக்குக் கேரளா ஸ்டேட் அவார்ட் கிடைச்சிச்சு.

---

செட்வேலை:

நான் கொழும்புல இந்த வேலைதான் செய்றன், 14 வருசம், சொந்த ஊர் வாழைச்சேனை. விளம்பரம்தான் கூட, வெளிநாட்டுப் படம் வந்தா அதுக்கும் ஆள் கணக்குல போவம். சில விசயம் பிழையா விளங்கியிரிக்கீங்க போல, அதச் சொல்லிட்டுப் போறன்.

ப்ரொடக்ஷன் டிசைனர் எண்டா செட் கட்டுறவர் இல்ல. படம் முழுக்க என்ன நிறத்துல, என்ன மாதிரி உலகமா இரிக்கணும் எண்டு டைரக்டரோடயும் கெமராமேனோடயும் இருந்து முடிவெடுக்கிற ஆள். ஆர்ட் டைரக்டர் அத வரைஞ்சு கட்டி முடிப்பாரு. கட்டினதுக்குள்ள கதிரை, திரைச்சீலை, கோப்பை எல்லாம் வைக்கிறவர் செட் டெக்கரேட்டர். நடிகர் கையில எடுக்கிற சாமான் ப்ராப்ஸ் ஆக்கள்ர பொறுப்பு. நம்மட பக்கத்துல இது நாலும் ஒரே ஆள், அவரே தேத்தண்ணியும் ஊத்துவாரு. இந்தப் பேரே 1939ல கோன் வித் த விண்ட் படத்துக்கு வில்லியம் கெமரன் மென்சீஸுக்குப் போட்டதுலருந்து வந்தது. ஒஸ்கார்காரன் 2012 மட்டும் ஆர்ட் டைரக்ஷன் எண்டுதான் விருதுக்குப் பேர் வச்சிருந்தான், மறுகாத்தான் மாத்தினான்.

எனக்குப் புடிச்சது கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல். அடம் ஸ்டொக்ஹவுசன், ஒஸ்கார் எடுத்தது. வெளிப்பக்கம் காட்டுற ஹோட்டல் சின்ன மொடல், உள்பக்கம் ஜெர்மனியில கோர்லிட்ஸ் எண்ட ஊர்ல சும்மா கிடந்த ஒரு பழைய பெரிய கடைக் கட்டடம். அதுல கேக் பெட்டி ஒண்டு வரும், ரோஸ் நிறம், அனி அட்கின்ஸ் செஞ்சது. பெட்டியில பட்டிஸரி, கேக் கடை எண்டு அர்த்தம், அந்தச் சொல்லுல ஒரு எழுத்துக் கூடிப் போச்சு, ஷூட்டிங் நடந்து கனக்கப் பெட்டி பாவிச்ச பிறகுதான் கண்டு புடிச்சாங்க, பிற்பாடு கம்பியூட்டர்லதான் திருத்தினாங்க. அவங்களுக்கே அப்பிடி எண்டா நமக்கு என்ன, பயப்படாம செய்யுங்க தங்கச்சி.

அது அழகுக்குச் செஞ்சது. நீங்க கேக்குறது வேற, பழகின வீடு. அதுக்குச் செய்முறை சொல்றன், நாங்க செய்றது இதுதான். சுவருக்கு முதல் அடியில ஒரு நிறம் அடிங்க, 90ல எண்டா மங்கல் பச்சை அல்லது நீலம் கலந்த சுண்ணாம்பு. காஞ்ச பிறகு கை படுற இடம், கதிரை முதுகு உரசுற இடம், சுவிட்ச் சுத்தி, இதுலெல்லாம் மெழுகுதிரியப் போட்டு நல்லா உரஞ்சுங்க. அதுக்கு மேல மற்ற நிறம். அதுவும் காஞ்சா ஒரு தகரத்தால சுரண்டினா மெழுகு பூசின இடம் மட்டும் உரிஞ்சு அடி நிறம் தெரியும், 20 வருசச் சுவர் மாதிரி. கரிக்கு உண்மையான விளக்க வச்சுப் புகைக்க நிண்டா ஒரு கிழமை போகும். அடுப்புக்கரிய நல்லா அரைச்சு துணியில சலிச்சு, தண்ணி இல்லாம காஞ்ச பிரஷ்ஷால கீழருந்து மேல தட்டித் தட்டி விடுங்க. அடியில ஒடுக்கமா, மேல போகப் போக விரிஞ்சு, மங்கி. நடுவுல கறுப்பு, ஓரம் மண்ணிறம், அதுக்குக் கொஞ்சம் செங்கல் தூள். தலையணை உறைக்குச் சாயத்தண்ணி, கழுவி வெயில்ல போட்டுத் திரும்பவும் சாயத்தண்ணி. புது வெள்ளைத் துணி கெமராவுல கண்ணக் குத்தும்.

பிளாஸ்டிக் கதிரைய எடுத்துருங்க. பல்ப் இல்லாம ஹோல்டர் மட்டும் தொங்கட்டும். கலண்டர் வச்சா மாசத்தப் பாருங்க, நாங்க ஒருக்கா தைப்பொங்கல் சீன்ல ஆவணி மாசக் கலண்டரத் தொங்க விட்டுட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒண்டு. இலங்கைய வேற இடமாக் காட்டின படங்களப் பாருங்க, பாடம் மாதிரி. தீபா மேத்தாட வாட்டர், 2000ல வாரணாசியில போட்ட செட்ட ஆக்கள் வந்து ஒடைச்சுப் போட்டாங்க, படமே நிண்டுச்சு. மறுகா வேற பேர்ல இஞ்ச வந்து சத்தம் போடாம எடுத்தாங்க. நம்மட ஆத்தங்கரையக் கங்கைக்கரையா மாத்திட்டாங்க. மிட்நைட்ஸ் சில்ட்ரனுக்கும் பம்பாய், கராச்சி எல்லாத்தயும் இஞ்சதான் எடுத்தது. நம்மட ஊரு ஆர்ர ஊராவும் நடிக்குது, நம்மட ஊராத்தான் நடிக்க விடுறாங்க இல்ல.

---

திருக்கோவில்டீச்சர்:

கடைசியாச் சொன்ன வசனம் என்ட வாய்ல இருந்து புடுங்கினது மாதிரி இரிக்கு தம்பி.

கன்னத்தில் முத்தமிட்டால் வந்த நேரம், 2002, நாங்க ஏழெட்டு டீச்சர்மார் ஒரு வீட்ல டெக் வச்சுப் பாத்தம். எல்லாரும் அழுதாங்க, நானும்தான். மாங்குளம் எண்டு காட்டுறாங்க, எடுத்தது எல்லாம் இந்தியாவுல. சாபு சிரில்தான் ஆர்ட், சண்டைக் காட்சியில வேலை குறை சொல்ல ஏலா. ஆனா எனக்கு என்னமோ ஒட்டல்ல. எது பிழை எண்டு விரல் வச்சுக் காட்டச் சொன்னா காட்டத் தெரியா. மறுமுறை பாக்கக்குள்ளதான் வெளங்கிச்சு, நிலம். மண்ணுட நிறமும், ஒரு வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் நடுவுல விடுற இடமும் நம்மட இல்ல. அவங்களக் குறை சொல்லி வேலை இல்ல, அந்த நேரம் இஞ்ச வந்து எடுக்கவா ஏலும்.

கல்லடிக்காத்து புள்ளைக்கு நான் ஒண்டு சொல்றன், இத நீங்க வேற எங்கயும் கேட்டிரிக்க மாட்டீங்க. வெளிய ஒரு ஷொட்டாவது எடுப்பீங்கதானே. நம்மட கரையோர வீட்ல வளவு முழுக்க வெள்ளமணல். காலத்தால எழும்பி ஈர்க்கு விளக்குமாறால கூட்டினா மணல்ல வரி விழும், அரைவட்டம் அரைவட்டமா, பாய் விரிச்ச மாதிரி. எங்கட அம்மா பின்பக்கமா நடந்துதான் கூட்டுவா, தன்ட கால் அடையாளம் விழக்கூடா எண்டு. கூட்டி முடிச்சு வாசல்ல நிண்டு பாத்தா ஒரு அடி கூட இல்லாத மணல். முதல் ஆர் நடந்தாலும் தெரியும். 90ல அதுக்கு வேற ஒரு பிரயோசனமும் இருந்திச்சு. காலத்தால எழும்பினதும் அம்மா விளக்குமாற எடுக்கிறதுக்கு முதல் படியில நிண்டு மணலப் பாப்பா, ராத்திரி வளவுக்குள்ள ஆர் வந்து போயிரிக்காங்க எண்டு. செருப்பா, சப்பாத்தா எண்டு. பாத்துட்டு ஒண்டும் சொல்லாமக் கூட்டி அழிச்சிருவா.

உங்கட படம் ஒரு ராத்திரிக் கதை எண்டா விடியக்குள்ள முடியும்தானே. யோசிச்சுப் பாருங்க. ஆனா ஒண்டு, கெமராக்காரன் வைக்கிற இடத்த முதலே முடிவு பண்ணிருங்க, இல்லாட்டி உங்கட ஆக்கள்ர கால்தான் மணல் முழுக்க இரிக்கும், ஒவ்வொரு டேக்குக்கும் திரும்பக் கூட்டணும்.

சார்பட்டா பரம்பரையயும் ஒருக்காப் பாருங்க, த. ராமலிங்கம் ஆர்ட். 70கள்ர வடசென்னை. சண்டை மேடைய விட்டுட்டு வீட்டுக்குள்ளயும் சுவரெழுத்தயும் பாருங்க.

---

சும்மாஒருத்தன்:

டீச்சர் அந்த மணல் விசயம்... சரி நான் ஒண்டும் சொல்லல்ல. எங்கட அம்மாவும் அப்பிடித்தான் நிண்டு பாப்பா. ஏன் எண்டு இவ்வளவு காலமும் தெரியா எனக்கு, பாம்பு வந்து போயிரிக்கா எண்டு பாக்குறா எண்டுதான் நினைச்சிருந்தன்.

---

மருதமுனைக்காக்கா:

பாம்பயும் பாத்திரிப்பாங்க மச்சான், பாம்பும் மணல்ல வரி போடும்தானே.

செட்வேலை தம்பிட்ட ஒரு கேள்வி. பாரசைட்ல அந்தப் பணக்காரன் ஊட்டுக் குப்பவாளி 2,000 டொலருக்கு மேல எண்டு டைரக்டரே செல்லியிரிக்காராம், மூடக்குள்ள சத்தம் வராதாம். இது எதுக்கு? அத யாரு பாக்க?

---

செட்வேலை:

காக்கா, அந்த வீட்ல வேலை செய்ற நடிகைக்குத் தெரியும்தானே அது விலை கூடின வாளி எண்டு. கை வேற மாதிரிப் போகும். மேட் மென் பழம் மாதிரித்தான் அதுவும். நாங்க விளம்பரத்துக்கு அலுமாரி வச்சா உள்ளுக்கும் சாமான் அடுக்கி வைப்பம், திறக்கிற சீனே இல்லாட்டியும். நடிக்கிற பிள்ளை சும்மா இருக்கிற நேரம் திறந்து பாத்தா உள்ள ஒண்டும் இல்லாட்டி அதுக்குப் பிறகு அந்த அலுமாரிய அவ நம்ப மாட்டா.

---

கல்லடிக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியா எழுத நேரம் இல்ல, ஆனா எல்லாத்தயும் கொப்பியில எழுதி வச்சிரிக்கன்.

நடந்தது இதுதான். அரிக்கன் லாம்ப வாங்கின கடைக்கே 3,000க்குத் திருப்பிக் குடுத்தாச்சு, 1,500 போச்சு, போகட்டும். மெழுகுதிரி வேலை செஞ்சு பாத்தன், முதல் தரம் அடி நிறம் காயிறதுக்கு முதல் அவசரப்பட்டு எல்லாம் இளகி ஒட்டிட்டு, ரெண்டாந்தரம் சோக்கா வந்திச்சு. கரிய கீழருந்து மேலதான் தட்டினன். அம்மம்மாவத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனன். இந்த முறை வாசல்ல நிக்கல்ல, நேரா உள்ள வந்து கதவுக்குப் பின்னால குந்தி அந்தக் கரியப் பாத்தா. விரலால தொட்டா. 'கொஞ்சம் இஞ்சால வரணும்' எண்டா. ஏன் அம்மம்மா எண்டு கேட்டன். 'அங்க மாமா படுப்பான், அவன்ட தலைமாட்டுல விளக்கு வைக்க விடமாட்டான், கண் கூசுது எண்டு கத்துவான்' எண்டு சொல்லிட்டு எழும்பிட்டா. அந்த மாமா 90லயே இல்லாமப் போனவர். நான் ஒண்டும் கேக்கல்ல. கரிய ஒரு அடி இஞ்சால தள்ளிட்டன், பழையத அழிக்கல்ல, மேல லேசா ஒரு சுண்ணாம்பு மட்டும் அடிச்சன்.

டீச்சர், மணல் சீன ஸ்கிரிப்ட்ல சேத்தாச்சு. டைரக்டர் பொடியனுக்குச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் கதைக்கல்ல, மறுகா அதுதான் கடைசி ஷொட் எண்டுட்டான். கூட்டுறதுக்கு என்ட அம்மா வாறா, பின்பக்கமா நடந்து.

தச்சன்மகன் அண்ணன், தம்பிட நம்பர் இன்பொக்ஸ்ல போடுங்க, குப்பி விளக்கு ரெண்டு இருந்தா ரெண்டயும் எடுக்கிறன், ஒண்டு ஒடைஞ்சா மற்றது வேணும். இன்னும் எனக்குக் காணாமக் கிடக்கிறது லக்ஸ்பிறே பால்மாட பழைய தகர டின் ஒண்டும், 90ம் ஆண்டு வீரகேசரி ஏதாவது ஒரு பேப்பரும். பேப்பர் கிழிஞ்சாலும் பரவாயில்ல, அலுமாரித் தட்டுல விரிக்கத்தான். ஆருட்டயும் இருந்தா சொல்லுங்க, வந்து எடுப்பன், படம் முடிஞ்சதும் திருப்பித் தாறன்.